நான் திருப்பி வைத்த அம்புக்குறி

யாங்கூன் விமான நிலையத்தில் பாதி வேலை பழைய கட்டிடத்திலும் பாதி வேலை புதிய கட்டிடத்திலுமாக நடந்துகொண்டிருந்த ஒரு மழைக்காலத்தில் இது நடந்தது. அப்போது நான் யாங்கூனின் பசுந்தாங் பகுதியில் ஒரு போர்டு பட்டறையில் இருந்தேன். கடைப் பெயர்ப் பலகை, கிளினிக் பலகை, பஸ்ஸில் ஒட்டும் விளம்பரம் என்று எதுவானாலும் கம்ப்யூட்டரில் வரைவது என் வேலை. வெட்டி ஒட்டுவது மற்றவர்கள் வேலை. முதலாளியை நாங்கள் எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். நல்ல மனிதர். ஆனால் பெரிய வேலை ஒன்று கைக்கு வந்துவிட்டால், அது போய்விடுமோ என்று அன்றைக்கே பயப்பட ஆரம்பித்துவிடுவார்.

அப்படி வந்த பெரிய வேலைதான் விமான நிலையத்து வேலை.

விமான நிலையத்தைப் பற்றி எங்கள் ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். ஊருக்கு வெளியே, தூரத்தில், இதைவிடப் பெரிதாக ஒன்று வரப்போகிறது என்று வெகு காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அது தள்ளித் தள்ளிப் போனதால், இருப்பதையே நீட்டி, ஒட்டி, இடித்து, மறுபடி கட்டிச் சமாளித்தார்கள். நான் சொல்கிற மழைக்காலத்தில் அங்கே போனவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் நுழைந்த வாசல் அடுத்த வாரம் தகர மறைப்புக்குப் பின்னால் போயிருக்கும். வழியனுப்ப வந்தவர்களும் பயணிகளும் ஒருவரையொருவர் வழி கேட்டுக்கொண்டு அலைவார்கள்.

அங்கே வேலை எடுத்திருந்த ஒரு காண்டிராக்டர், வழி காட்டும் தற்காலிகப் பலகைகளை எங்களிடம் கொடுத்தார். இரும்புக் காலில் நிற்கும் ஆள் உயரப் பலகைகள். வழி மாறும்போதெல்லாம் அவர்கள் ஆபீசிலிருந்து வரைபடம் வரும். அதில் பேனாவால் திருத்தம் எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்து நான் அம்புக்குறி போட வேண்டும். பலகைகள் வைத்த இடத்தில் ஒழுங்காக நிற்கின்றனவா என்று தினமும் காலையில் போய்ப் பார்ப்பதும் எங்கள் பொறுப்பு. நான் குடியிருக்கும் தின்கன்ஜூனில் இருந்து எனக்குத்தான் பஸ் வசதி என்று சொல்லி, பாய் என்னையே அனுப்பினார்.

ஒரே ஒரு பலகையால் வந்த வினை இது. டாக்சியில் வந்து இறங்குகிறவர்கள் கண்ணில் முதலில் படும் பலகை அது. வெளிநாடு போகிறவர்கள் இந்தப் பக்கம் என்று பர்மியிலும் ஆங்கிலத்திலும் எழுதி, இடப்பக்கம் காட்டும் பெரிய அம்புக்குறி போட்டிருந்தேன். மஞ்சள் நிறம். எனக்கே பெருமையாக இருந்தது.

அதை வைத்த மறுநாள் காலை போய்ப் பார்த்தால், பலகை சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. காற்றாக இருக்கும் என்று நினைத்துத் திருப்பி வைத்தேன். அதற்கடுத்த நாளும் சுவரைப் பார்த்து நின்றது. அந்த இரும்புக் காலை நகர்த்த எனக்கே இரண்டு கை வேண்டும். காற்றுக்கு அவ்வளவு பலம் ஏது? மூன்றாம் நாள் அம்புக்குறி மேல் ஒரு அட்டையை வைத்துப் பழுப்பு டேப்பால் ஒட்டியிருந்தார்கள்.

அன்றிலிருந்து என் மனம் கெட்டது.

முதலில் எங்கள் தெருவிலேயே இருந்த இன்னொரு பட்டறையைச் சந்தேகப்பட்டேன். இந்த வேலை அவர்களுக்குக் கிடைக்க வேண்டியது என்று அவர்கள் பேசியது என் காதுக்கு வந்திருந்தது. பிறகு டாக்சிக்காரர்களைச் சந்தேகப்பட்டேன். ஆட்கள் வழி தெரியாமல் நின்றால், ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொரு கட்டிடத்துக்கு ஏற்றிப் போகலாமே! அதற்குப் பிறகு ட்ராலி தள்ளும் ஒருவர் மேல் சந்தேகம் போனது. வெற்றிலைக் கறை படிந்த பல்லோடு எந்நேரமும் சிரித்துக்கொண்டிருப்பார். திண்டாடுகிறவர்களின் பெட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு முன்னால் நடப்பார். இவருக்கு லாபம் இல்லாமலா?

காண்டிராக்டரின் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு விட்டார். அவர் பர்மாக்காரர். பர்மியில் பேசியதைத் தமிழில் சொல்கிறேன்.

"உங்க போர்டைப் பார்த்துப் போனவங்க எங்கேயோ போய் நிக்கிறாங்கன்னு தினமும் புகார் வருது, ஸயாமா."

எங்கள் ஊரில் கொஞ்சம் மரியாதையாக ஒரு பெண்ணைக் கூப்பிட வேண்டுமென்றால் ஸயாமா என்பார்கள். ஆணை ஸயா என்பார்கள். அவர் குரலில் அந்த மரியாதை அன்று இல்லை.

"யாரோ வேணும்னே திருப்பி வைக்கிறாங்க, ஸயா. நான் கையும் களவுமா பிடிச்சுக் காட்டுறேன்" என்றேன்.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் போதும். போர்டு திரும்பி நிற்கும்போது வழி தவறுகிறார்களா, நான் சரியாக வைத்த பிறகு வழி தவறுகிறார்களா என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. ஆளைப் பிடிப்பதிலேயே குறியாக இருந்தேன்.

அங்கே தரை துடைக்கும் ஒரு அம்மா இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லியான உடம்பு, இரண்டு கன்னத்திலும் வட்டமாகத் தனகா என்ற மரப்பட்டைச் சாந்துப் பூச்சு. டாலாவிலிருந்து படகில் ஆற்றைக் கடந்து, இரண்டு பஸ் மாறி வருகிறவர். பர்மியில் அத்தையை அடோ என்பார்கள். எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒரு நாள் நான் போர்டைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தபோது அவர் துடைப்பத்தோடு பக்கத்தில் வந்தார்.

"ஸயாமா, அந்தப் பக்கம் ஆளுங்களை அனுப்பாதீங்க."

"ஏன்?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் துப்புரவு ஆட்களை மேய்க்கும் மேஸ்திரி தூரத்தில் வருவது தெரிந்தது. உடனே குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார். வெளியாட்களோடு பேசக் கூடாது என்று அவர்களுக்கு உத்தரவு இருந்ததெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று எனக்குப் பட்டது வேறு. இந்தப் பெண்ணுக்கு ஏதோ தெரிகிறது, என்னைப் பார்த்து ஏன் பதுங்க வேண்டும்?

அதன் பிறகு அவரைக் கண்காணிக்க ஆரம்பித்தேன். போர்டின் கால்கள் இருக்க வேண்டிய இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்து வைத்தேன். தூண் மறைவில் நின்று பார்த்தேன். பயணிகள் அவரிடம் வந்து பேசினார்கள். அவர் கையை நீட்டி எதையோ சொன்னார். ஒரு பெண்மணி போகும்போது அவர் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் திணித்துவிட்டுப் போனார். ஓஹோ, கூலி வாங்கிக்கொண்டுதான் செய்கிறாளா என்று நினைத்தேன். ட்ராலிக்காரர் ஒரு முறை அவரிடம் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். உள்ளே பழுப்பு டேப். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. கூட்டுக் களவாணிகள்!

இரண்டு நாள் கழித்து, நான் காத்திருந்தது நடந்தது. அவர் இடமும் வலமும் பார்த்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். போர்டை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு காலால் உதைத்து நகர்த்தி, சுவர்ப் பக்கம் திருப்பினார். நான் தூணுக்குப் பின்னாலிருந்து மூன்று போட்டோ எடுத்தேன்.  அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

சூப்பர்வைசர் அறைக்கு அவரையும் அவருடைய மேஸ்திரியையும் கூப்பிட்டார்கள். அவர் மறுக்கவே இல்லை.

"ஆமா, நான்தான் திருப்பினேன். அந்தக் கதவு..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்று மேஸ்திரி வெட்டினார்.

அவர் என்னைப் பார்த்தார். எந்தக் கதவு என்று நான் கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தைதானே? அந்த நேரத்தில் நான் இரண்டாவது போட்டோவைப் பெரிதாக்கிச் சூப்பர்வைசரிடம் காட்டிக்கொண்டிருந்தேன்.

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றச் சொன்னார்கள். அவர் கழற்றினார். நாடாவை ஒழுங்காகச் சுற்றி மேசை மேல் வைத்தார். வாளியையும் துடைப்பத்தையும் எங்கே வைக்க வேண்டும் என்று மேஸ்திரியிடம் கேட்டுவிட்டுப் போனார். பாய்க்குப் போன் செய்து, "பிடிச்சுட்டேன் பாய்" என்றேன். "அல்ஹம்துலில்லாஹ், வேலை தப்பிச்சுது" என்றார் அவர்.

அடுத்த இரண்டு நாள் போர்டு அசையவில்லை. ஆனால் புகார் நிற்கவில்லை. முன்பைவிடக் கூடியது என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். அந்தப் பெண்ணை அனுப்பிய கோபத்தில் ட்ராலிக்காரர் ஆட்களை வேண்டுமென்றே குழப்புகிறார்! இப்போது அவர் சிரிப்பதில்லை, என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மூன்றாம் நாள் காலை மழை கொட்டிக்கொண்டிருந்தது. போர்டின் மேல் தெறித்திருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல், நல்ல தமிழில், "இந்தத் தமிழ்ப் புள்ளகிட்ட கேப்போம் இரு" என்றது. எனக்கு நெற்றியில் விபூதி இருந்தது, அதைப் பார்த்திருப்பார். அறுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர், மடக்கு சக்கர நாற்காலியில் தன் மனைவியை வைத்துத் தள்ளிக்கொண்டு நின்றார். பெகு ஊர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். அந்த அம்மாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் செய்ய வேண்டும். பாங்காக் வழியாகச் சென்னைக்குப் போகிறார்கள். வழியில் தண்ணீர் தேங்கி பஸ் தாமதமாகிவிட்டது. நேரம் அதிகமில்லை.

"வெளிநாடு போறவங்க எந்தப் பக்கம்மா போகணும்?"

"இதோ போர்டுலயே போட்டிருக்கே அண்ணே. இடப்பக்கம்."

அவர் தயங்கினார். "பத்து நாளைக்கு முன்ன பையனை ஏத்திவிட வந்தோம். அப்ப வலப்பக்கமால்ல போனோம்? தொடைக்கிற அம்மா ஒண்ணு கூடவே வந்து வாசல் வரைக்கும் காட்டிச்சு. இன்னைக்கு அதைத்தான் தேடுறேன், காணோம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போன பிறகும் இந்தப் பெண் எவ்வளவு பேரைக் குழப்பி வைத்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அந்த அம்மாவை நம்பாதீங்க அண்ணே. ஆட்களைத் தப்பா அனுப்பிச்சுதான் வேலையே போச்சு. நீங்க போர்டைப் பார்த்துப் போங்க."

நான் சொன்ன அந்த வாக்கியம், சொன்னபடியே, இன்றும் என் காதில் கேட்கிறது.

அவர்கள் இடப்பக்கம் போனார்கள். நான் மற்ற பலகைகளைப் பார்க்கப் போனேன். அரை மணி நேரம் இருக்கும். அவர் தனியாக, தலை முதல் கால் வரை நனைந்து, ஓடி வந்தார். 

"கதவு பூட்டியிருக்கும்மா. யாரும் திறக்க மாட்டேங்கிறாங்க."

நான் அவரோடு ஓடினேன். அந்த வழியில் நான் அதுவரை ஒரு தடவைகூட முழுதாக நடந்ததில்லை. கூரை போட்ட நடைபாதை ஒரு இடத்தில் முடிந்துவிட்டது. அதன் பிறகு திறந்த வெளி, மழை. ஆறு படி கீழே இறங்க வேண்டும், சாய்வுப் பாதை கிடையாது. யாரோ இரண்டு பேர் பிடித்து அந்த நாற்காலியை இறக்கியிருக்கிறார்கள். தகர மறைப்பை ஒட்டி நடந்து திரும்பினால் ஒரு கண்ணாடிக் கதவு. ஊழியர்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. அதன் முன்னால் பெட்டியும் கையுமாகப் பத்துப் பேருக்கு மேல் நின்று கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அந்த அம்மா, நாற்காலியில், மடியில் இருந்த மருத்துவக் காகிதங்கள் நனையாமல் முந்தானைக்குள் வைத்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கதவின் மேல் பெரிதாக எண் இருந்தது. இரண்டு.

என் பையில் வரைபடம் இருந்தது. பிரித்தேன். ஓரத்தில் பேனாத் திருத்தம், பர்மிய எண்ணில். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. பர்மிய எழுத்தில் இரண்டும் மூன்றும் அக்கா தங்கை மாதிரி இருக்கும். மூன்றில் ஒரு சின்ன மடிப்பு கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். அவசரமாக எழுதியிருந்த அந்தத் திருத்தத்தில் மடிப்பு மெலிதாக, ஆனால் தெளிவாகவே இருந்தது. மூன்றாம் வாசல். வலப்பக்கம். நான் இரண்டு என்று படித்து, இடப்பக்கம் அம்புக்குறி போட்டிருந்தேன்.

யாரும் எனக்கு எதிராக எதுவும் செய்யவில்லை. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இல்லை, டாக்சிக்காரர்கள் இல்லை. தரை துடைத்த அம்மாதான் தினமும் என் தவறைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து, ஆட்களைச் சரியான வாசலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். தினமும் காலையில் நான் போய் அந்தத் தவறை மறுபடி முன்னால் நிறுத்தினேன்.

எல்லோரையும் கூட்டிக்கொண்டு திரும்பி ஓடினோம். நாற்காலியைப் படியேற்ற ஆள் போதவில்லை. எங்கிருந்தோ அந்த ட்ராலிக்காரர் வந்து ஒரு பக்கம் பிடித்தார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. மூன்றாம் வாசலில் நுழைந்து கவுண்டருக்குப் போனபோது மற்றவர்களுக்கெல்லாம் நேரம் இருந்தது. பாங்காக் போகிறவர்களுக்கு மூடிவிட்டார்கள். நான் கெஞ்சினேன். முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நாளை மறுநாள்தான் இடம் இருக்கிறது என்றார்கள். அந்த அம்மா அழவில்லை. "ஆபரேஷன் தேதி என்னாகும்?" என்று கணவரிடம் மெதுவாகக் கேட்டார். 

பாய்க்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். 

"தங்கச்சி, யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாத. அந்தப் போர்டைச் சத்தமில்லாமத் திருப்பி வச்சுட்டு வந்துடு. நாளைக்குப் புதுசா வெட்டி மாத்திடலாம்."

நானும் போனேன், என்ன சொல்ல! இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டு, போர்டைச் சுவர்ப் பக்கம் திருப்ப ஆரம்பித்தேன். பாதி திருப்புவதற்குள் ஒரு காவலாளி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்ன பண்றீங்க? மூணு நாளைக்கு முன்னதான் இதுக்கு ஒருத்தியை வெளியே அனுப்பிச்சாங்க. நீங்களும் அந்தக் கூட்டமா?"

வாயில் பொய் தயாராக இருந்தது. துடைக்கத் திருப்பினேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் என்னைப் பார்த்த பார்வையில், தூண் மறைவிலிருந்து நான் பார்த்த பார்வை எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "என்னை சூப்பர்வைசர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

வரைபடத்தை மேசை மேல் விரித்து, மடிப்பைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். சூப்பர்வைசர் கத்தினார். எங்கள் பட்டறைக்கு இனி வேலை கிடையாது என்றார். அது நியாயம்தான். அடோவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடுங்கள் என்றதற்கு, அவர் வேறு ஏஜென்சி ஆள், எங்கள் கையில் இல்லை என்று சொல்லிவிட்டார். பாய் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பெகுக்காரர்களை என் வீட்டுக்கு அழைத்துப் போனேன். என் கணவர் எங்கள் கட்டிலை அந்த அம்மாவுக்கு ஒழித்துக் கொடுத்தார். என் பிள்ளைகள் தமிழில் கேட்டதற்குப் பர்மியில் பதில் சொல்ல, அந்த அம்மா சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெகு அண்ணன் என்னைப் புகழ்ந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "முன்னப் பின்ன தெரியாதவங்களை யாரும்மா வீட்டுல வைப்பாங்க?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். அக்கம்பக்கத்தார் முன்னால் தலைகுனிந்து நின்றேன், அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டாம் நாள் காலை, அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். போர்டை வரைந்தது நான், தரை துடைத்த அம்மாவைக் காட்டிக்கொடுத்ததும் நான்.

கோப்பையைக் கீழே வைத்தார். 

"முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். பிறகு, "அந்த அம்மாகிட்டச் சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

அவர்களை விமானம் ஏற்றிவிட்ட அன்றே ட்ராலிக்காரரிடம் போய் அடோவின் வீடு எங்கே என்று கேட்டேன்.

"எதுக்கு? இன்னும் என்ன மிச்சம் இருக்கு?"

மன்னிப்புக் கேட்கத்தான் என்றேன். அவர் நம்பவில்லை. என் கையில் போன் இருக்கிறதா என்று பார்த்தார், மறுபடியும் போட்டோ எடுப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ. மூன்றாவது தடவை கேட்டபோதுதான் இடத்தைச் சொன்னார். அந்த டேப்பைக் கொடுத்தது அவர்தான் என்பதையும் அவரே சொன்னார். "பெட்டியைத் தூக்கிட்டுத் தப்பான கதவுக்குப் போய்ப் போய்த் திரும்ப எனக்கு மட்டும் ஆசையா?" என்றார்.

ஆற்றைக் கடந்து டாலாவில் இறங்கி, சைக்கா பிடித்துப் போனேன். எங்கள் ஊரில் பக்கத்தில் ஆள் உட்காரும் மிதிவண்டி ரிக்ஷாவுக்கு சைக்கா என்று பெயர். குளத்தை ஒட்டி மூங்கில் வீடுகள். அடோ வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துணியை வாளியில் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர் எழுந்து வந்தார். இன்னும் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். "போலீஸ்ல எழுதிக் கொடுத்திருக்கீங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். இல்லை, தப்பு என்னுடையது என்று மூடிய கதவைப் பார்த்துச் சொன்னேன். இரண்டாம் வாசல், மூன்றாம் வாசல், மடிப்பு எல்லாம் சொன்னேன். கதவு கொஞ்சம் திறந்தது.

"இதை அன்னைக்கே நான் சொல்ல வந்தேன்" என்றார் அடோ.

"தெரியும் அடோ. நான் கேக்கலை. திரும்ப வேலைக்கு வாங்க, நான் ஏஜென்சியில வந்து பேசுறேன்."

"வேலை வேணாம். காகிதம் வேணும்."

எனக்குப் புரியவில்லை. உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டு வந்தார். பொருளுக்குச் சேதம் விளைவித்ததால் நீக்கம் என்று ஏஜென்சி எழுதிக் கொடுத்திருந்தது. ஒரு கிளினிக்கில் வேலை கேட்டுப் போயிருக்கிறார். அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"என் பேரு கெட்டுப் போச்சு. நீங்க கெடுத்ததை நீங்களே எழுதிக் குடுங்க."

கடைக்காரர் கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். கடைப் பலகை மேலேயே வைத்துப் பர்மியில் எழுதினேன். எண்ணைத் தவறாகப் படித்தது நான், பலகை தவறு, இவர் பயணிகளுக்கு உதவத்தான் அதைத் திருப்பினார், இவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. என் பெயர், பட்டறை விலாசம், கையெழுத்து.

அவர் தாளை வாங்கவில்லை. "படிங்க" என்றார்.

கூடி நின்றவர்கள் நடுவில் என் தவறை நானே சத்தமாகப் படித்தேன்.  படித்து முடித்ததும், அவர் தாளை என் கையிலிருந்து எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்தார்.

"இந்த அம்மா படிச்சதுதான் இதுல எழுதியிருக்கா, பாருங்க."

கடைக்காரர் மறுபடி முதலிலிருந்து படித்தார். வார்த்தைக்கு வார்த்தை அடோ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது வலித்தது. ஆனால் அப்படிச் சரிபார்க்க அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. பிறகு தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

மன்னிப்பு என்ற வார்த்தையை நான் சொன்னேன். அவர் "போர்டை மாத்தியாச்சா?" என்று மட்டும் கேட்டார். மாற்றியாயிற்று என்றேன். தலையை ஆட்டினார். வானத்தைப் பார்த்துவிட்டு சைக்காக்காரரைக் கூப்பிட்டு, மழை வருவதற்குள் என்னைப் படகுத்துறையில் விடச் சொன்னார். அது அக்கறையா, நான் அந்த இடத்தை விட்டுப் போய்விட்டேன் என்று உறுதி செய்துகொள்ளவா, எனக்குத் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து, காகிதத்தைக் காட்டியதில் அதே கிளினிக்கில் அவருக்கு வேலை கிடைத்துவிட்டது என்று ட்ராலிக்காரர் மூலம் தெரிந்தது. சென்னையிலிருந்தும் போன் வந்தது, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து அந்த அம்மா நடக்க ஆரம்பித்துவிட்டார் என்று. என்னால் தடம் மாறிய இரண்டு பேரும் எப்படியோ கரை சேர்ந்துவிட்டார்கள். ஆனால் அது என் சாமர்த்தியம் இல்லை.

நான் யாரையாவது சந்தேகப்படும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் கிளம்புகிறதா என்று இப்போதெல்லாம் முதலில் பார்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் அந்தச் சந்தோஷம் வந்துவிட்டால் அதன் பிறகு எதிரில் நிற்பவர் சொல்லும் உண்மை என் காதில் விழாது என்பதை ஒரு ஏழைப் பெண்ணின் வேலையைப் பறித்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.